மௌசின்ராமா, கொலம்பியாவா? உலகிலேயே அதிக மழை பெய்யும் இடம் எது, ஏன் அங்கே?

நெய்தல் (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று இரவு இரண்டு கேள்விகள் கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

ஒன்று: நான் படித்த காலத்தில் உலகிலேயே அதிக மழை பெய்யும் இடம் சிரபுஞ்சி. அவள் பாடத்தில் மௌசின்ராம், ஆண்டுக்கு 1,187 செ.மீ. இணையத்தில் தேடினால் கொலம்பியா நாட்டில் லோரோ என்று ஓர் ஊர், 1,330 செ.மீ. என்கிறார்கள். எதை எழுதச் சொல்வது?

இரண்டாவது கேள்விதான் என்னை மடக்கிவிட்டது. "மழைத் தண்ணி கடல்லேர்ந்துதானே வருது? அப்போ கடலுக்குப் பக்கத்துல இருக்கிற கொல்கத்தாவுலதானே நிறையப் பெய்யணும்? அவ்வளவு தள்ளி இருக்கிற மேகாலயாவுல ஏன் கொட்டுது?" வரைபடத்தைப் பார்த்தேன். மௌசின்ராமுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே வங்கதேசமே கிடக்கிறது. கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

பூகோள வாத்தியார் (பதிவு 2)

அம்மா, உங்கள் மகளின் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடல் தருவது நீராவி மட்டும்தான். நீராவி இருந்தால் மழை வந்துவிடாது. மே மாதத்துச் சென்னையை நினைத்துப் பாருங்கள். காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒரு சொட்டு விழாது. அந்த நீராவி குளிர்ந்தால்தான் துளியாகும். காற்றைக் குளிர வைக்கப் பெரிய அளவில் இயற்கைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அதை மேலே தூக்குவது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் டியூபிலிருந்து காற்றைப் பிடுங்கிவிடும்போது வால்வு சில்லென்று ஆகுமே, அதே சங்கதி. ஈரக் காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 5 முதல் 6 டிகிரி குளிரும். ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் குறையும். தாங்க முடியாதது கீழே விழும்.

இப்போது கொல்கத்தாவுக்கு வருவோம். அங்கே காற்று கடலிலிருந்து வந்து சமதரையின் மேலேயே போகிறது. மேலே ஏற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தாழ்வு மண்டலம் ஏதாவது வந்து தூக்கினால்தான் நல்ல மழை. அப்படியிருந்தும் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் கிடைக்கிறது.

அதே காற்று வங்கதேசத்தின் மேல் போகும்போதும் தடை இல்லை. மழைக்காலத்தில் சில்ஹெட் பக்கத்துத் தாழ்நிலங்கள் ஏரிபோல நிரம்பிக் கிடக்கும். ஹவோர் என்று அங்கே சொல்வார்கள். ஆக, வழியிலும் ஈரம் குறைவதில்லை. அப்புறம் திடீரென்று எதிரே ஒரு சுவர். மேகாலயாப் பீடபூமியின் தெற்கு விளிம்பு, காசி மலைகள். (வாரணாசிக் காசி இல்லை. காசி என்பது அங்கே வாழும் பழங்குடி மக்களின் பெயர்.) ஏறக்குறைய கடல்மட்டத்தில் கிடக்கிற சமவெளியிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் தரை 1,300 மீட்டருக்கு மேல் எழுந்துவிடுகிறது. காற்றுக்கு வேறு வழியே இல்லை, ஏறித்தான் ஆக வேண்டும்.

அதுமட்டும் இல்லை. அந்தச் சுவர் நேராக இல்லை. ஆறுகள் அறுத்த ஆழமான பள்ளத்தாக்குகள் தெற்கு நோக்கி வாய் திறந்து கிடக்கின்றன. அகன்ற வாய், உள்ளே போகப் போகக் குறுகல். புனலில் ஊற்றியதுபோலக் காற்று உள்ளே புகுந்து நெருக்குப்பட்டு மேலே பீச்சியடிக்கும். சிரபுஞ்சியும் மௌசின்ராமும் அப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

கடல் எவ்வளவு பக்கம் என்று கேட்பதைவிட, காற்றை எது தூக்குகிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

தாமிரபரணி (பதிவு 3)

வாத்தியார் சார், ஒரு சந்தேகம். சுவர்தான் காரணம் என்றால் இமயமலை இதைவிடப் பெரிய சுவர் இல்லையா? எவரெஸ்ட் பக்கம் ஏன் இதைவிட அதிகம் பெய்யவில்லை?

பூகோள வாத்தியார் (பதிவு 4)

நல்ல சந்தேகம். இமயமலை அடிவாரமும் நன்றாகவே நனைகிறது. ஆண்டுக்கு 4,000 மி.மீ. தாண்டும் இடங்கள் அங்கே உண்டு. ஆனால் உயரே போகப் போக மழை கூடிக்கொண்டே போவதில்லை. காற்றில் இருக்கிற நீராவியில் பாதிக்கு மேல் தரையிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதற்கு மேல் பிழிவதற்குச் சரக்கு குறைவு. ஆக, 1,300 – 1,500 மீட்டர் உயரத்து மலை என்பது கச்சிதமான உயரம்.

ஹவாயில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காவாய் தீவில் வையாலேயாலே என்ற மலை, உயரம் 1,569 மீட்டர். ஏறக்குறைய ஆண்டு முழுக்க வடகிழக்கிலிருந்து ஒரே சீராக வீசும் வணிகக் காற்று அதன் மேல் மோதுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 மி.மீ. மழை. அதே தீவுக்கூட்டத்தில், ஹவாய் பெருந்தீவில் 4,207 மீட்டர் உயரத்தில் மௌனா கியா இருக்கிறது. அதன் உச்சி வறண்டது. அதனால்தான் அங்கே பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்திருக்கிறார்கள். காரணம், அந்தப் பகுதியில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் வெப்பமான, உலர்ந்த காற்று ஒன்று மூடிபோல உட்கார்ந்திருக்கும். மேகம் அதைத் தாண்டி ஏறாது. வையாலேயாலே அந்த மூடிக்குக் கீழே இருக்கிறது, மௌனா கியாவின் உச்சி மேலே இருக்கிறது.

சாரல் (பதிவு 5)

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலை காரணமாக மூன்று வருடம் ஷில்லாங்கில் இருந்தேன். மாதத்துக்கு ஒரு முறையாவது சிரபுஞ்சிக்குப் போய்விடுவேன். அங்கே உள்ளவர்கள் சோரா என்றுதான் சொல்வார்கள். அதுதான் பழைய பெயர். அதை ஆங்கிலேயர்கள் சேரா ஆக்கி, பின்னாளில் சிரபுஞ்சி ஆனது.

முதல் முறை ஜூலையில் போனேன். ஷில்லாங்கில் கிளம்பும்போது வெறும் தூறல். சாலை வழியே ஐம்பத்து நான்கு கிலோமீட்டர்தான். பாதி தூரம் தாண்டியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கீழிருந்து மேலே ஏறி வருவதைப் பார்த்தேன். மேகம் தலைக்கு மேலே இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே காலுக்குக் கீழே இருந்து எழுந்து வந்து சாலையைத் தாண்டிப் போயிற்று. வாத்தியார் சொன்ன "ஏறித்தான் ஆக வேண்டும்" என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஷில்லாங்கும் சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். ஆனால் அங்கே ஆண்டு மழை 2,200 – 2,400 மி.மீ. அளவுதான். சோராவில் அதைப்போல ஐந்து மடங்கு. காற்று தெற்கு விளிம்பிலேயே சுமையை இறக்கிவிட்டு, ஷில்லாங்குக்கு இலேசாகிப் போய்ச் சேர்கிறது.

இன்னொன்று, அங்கே மழை பெரும்பாலும் இரவில்தான். பின்னிரவில் தொடங்கினால் விடியும்வரை தகரக்கூரையில் இரைச்சல் தாங்காது. பக்கத்தில் படுத்திருப்பவரோடு பேச முடியாது. மௌசின்ராமில் சத்தத்தைக் குறைக்கக் கூரைமேல் புல்லைப் பரப்பி வைப்பார்கள். காலையில் பத்து மணிக்குப் பார்த்தால் சில நாட்களில் வெயில்கூட அடிக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள்.

வயலில் வேலை செய்பவர்களுக்குக் குடை உதவாது, இரண்டு கையும் வேண்டுமே. அதற்கு 'க்னுப்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மூங்கில் சட்டத்தில் இலையை அடுக்கிப் பின்னிய ஆமை ஓடு மாதிரியான கவசம். தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை முதுகை மூடும். குனிந்து நாற்று நட்டால் மழை அந்த ஓட்டின் மேல் வழிந்து ஓடிவிடும். நம் ஊரில் மழைக்குப் போட்டுக்கொள்ளும் கொங்காணியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அந்த மக்களின் வேர்ப்பாலங்களைப் பற்றித் தனியாகவே ஓர் இழை போடலாம். மரப்பாலமும் கயிற்றுப் பாலமும் அந்த ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால், உயிரோடு இருக்கும் ரப்பர் ஆலமரத்தின் விழுதுகளை ஆற்றுக்கு மேலே வளரவிட்டுப் பின்னிப் பாலமாக்கியிருக்கிறார்கள். ஒரு பாலம் ஆள் நடக்கத் தயாராக ஒரு தலைமுறையே ஆகும். வயதாக ஆக வலுவாகிறது என்பதுதான் அதன் அழகு.

பூகோள வாத்தியார் (பதிவு 6)

சாரல் சொன்ன இரவு மழைக்குக் காரணம் உண்டு. பகலில் தரை சூடாகி, அந்தச் சூட்டில் காற்று மேலும் கீழும் கலங்கிக்கொண்டே இருக்கும். அதனால் தாழ்வாக வீசும் காற்றின் வேகம் குறையும். இரவில் அந்தக் கலக்கம் அடங்கியதும் வங்கதேசச் சமவெளிமேல் தென்றிசைக் காற்று வேகம் எடுத்து மலையில் மோதும்.

இன்னொரு வியப்பான விஷயம். நடு இந்தியாவில் பருவமழை ஓய்ந்து, விவசாயிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில்தான் மேகாலயாவில் மழை பின்னியெடுக்கும். பருவமழையின் தாழ்வழுத்தப் பட்டை கங்கைச் சமவெளியை விட்டு வடக்கே இமயமலை அடிவாரத்துக்கு நகரும்போது இங்கே வறட்சி, அங்கே வெள்ளம். மொத்தப் பருவமழையும் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் பெய்வதில்லை.

துறைமுகத்தான் (பதிவு 7)

சரக்குக் கப்பலில் இருபது வருடம் வேலை பார்த்தவன். கொலம்பியாவின் பசிபிக் துறைமுகமான புவேனவென்துராவில் மூன்று நான்கு முறை நின்றிருக்கிறோம். அதனால் லோரோவைப் பற்றி நான் எழுதுகிறேன். முதலில் உச்சரிப்பு: ஸ்பானிய மொழியில் அந்த ஊரை 'யோரோ' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அம்மொழியில் 'அழுதான்' என்றும் பொருள் வரும்.

புவேனவென்துராவிலேயே ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை. மழையில் நனையக்கூடாத சரக்கு என்றால் அங்கே படாத பாடு. கிடங்கு மூடியைத் திறப்பதும், மூடுவதும், மறுபடி திறப்பதுமாகவே பொழுது போகும். சிரபுஞ்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. சிரபுஞ்சிக்குப் பருவம் உண்டு. கொலம்பியாவின் சோக்கோ மாநிலத்துக்குக் கிடையாது. அங்கே உலர்ந்த மாதம் என்ற ஒன்றே இல்லை. மாநிலத் தலைநகர் கிப்தோவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 மி.மீ. பெரும்பாலான நாட்களில் மழைதான்.

காரணம், பசிபிக்கின் தெற்குப் பாதியிலிருந்து வரும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வந்ததும், பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, மேற்கிலிருந்து கிழக்காகக் கரையை நோக்கி வீசும். ஆய்வாளர்கள் அதற்கு 'சோக்கோ தாழ்நிலைக் காற்றோடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை அதன் வேகம் அதிகம். கரையை ஒட்டியே ஆண்டீஸ் மலையின் மேற்குத் தொடர் நிற்கிறது. கடலோ வெப்பக் கடல். அதோடு, வட, தென் அரைக்கோளக் காற்றுகள் சந்திக்கும் மழைப்பட்டை ஆண்டில் பெரும்பகுதி அந்தப் பக்கமே நிற்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

யோரோவின் 13,300 மி.மீ. என்பது மதிப்பீடு. அதே கரையில் தெற்கே லோபெஸ் தே மிக்காய் என்ற ஊருக்கு 1960 – 2012 காலச் சராசரி 12,892 மி.மீ. என்று சொல்கிறார்கள். இரண்டுமே மௌசின்ராமைத் தாண்டுகின்றன.

தாமிரபரணி (பதிவு 8)

அப்படியென்றால் நம் பாடப்புத்தகம் தவறா? இத்தனை வருடமாக நம் நாட்டுக்கு இருந்த ஒரு பெருமையை இப்படிச் சுலபமாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மழைமானி (பதிவு 9)

தாமிரபரணி, வருத்தப்பட வேண்டாம். பாடப்புத்தகம் தவறும் இல்லை, கொலம்பியா பொய்யும் இல்லை. பதினோரு வருடமாக என் வீட்டு மாடியில் மழை அளக்கிறேன். அளக்க ஆரம்பித்த பிறகுதான் 'சராசரி மழை' என்ற சொல்லை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்று தெரிந்தது.

மௌசின்ராமின் 11,871 மி.மீ., சிரபுஞ்சியின் 11,777 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. எந்த முப்பது வருடத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே இது மாறும். இரண்டு ஊரும் நேர்கோட்டில் வெறும் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன, நடுவில் பள்ளத்தாக்கு.

சிரபுஞ்சி ஏன் முதலில் புகழ் பெற்றது? ஆங்கிலேயர்கள் காசி மலைகளில் தங்கள் தலைமையிடத்தை முதலில் அங்கேதான் வைத்தார்கள். அளக்கிற மனிதன் அங்கே இருந்தான், அதனால் கணக்கும் அங்கே இருந்தது. 1860-களில் அலுவலகத்தை ஷில்லாங்குக்கு மாற்றிக்கொண்டார்கள். மௌசின்ராமில் ஒழுங்காக அளக்கத் தொடங்கியது வெகுகாலம் கழித்துத்தான். மழை அதற்கு முன்பும் அங்கே பெய்துகொண்டுதான் இருந்தது.

மழைமானியின் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. பலமான காற்றில் துளிகள் சாய்வாக வந்து அந்த வாயைத் தாண்டிப் போய்விடும், அளவு குறைந்துவிடும். இரவோடிரவாக அரை மீட்டர் பெய்தால் சாதாரணக் கலன் நிரம்பி வழியும். நடுவில் யாராவது போய் ஊற்றிவிட்டு வரவேண்டும். ஒரு நாள் அளக்காமல் விட்டால் அந்த நாளின் 400 மி.மீ. கணக்கிலேயே வராது. செயற்கைக்கோளை நம்பலாமே என்றால், அது மேலிருந்து மேகத்தின் உச்சியில் இருக்கும் குளிரையும் பனித்துகளையும் வைத்து ஊகிக்கிறது. மலையில் மோதி உருவாகும் மேகங்கள் பல நேரம் தாழ்வானவை, உச்சியில் பனியே இருக்காது. அதனால் மலை மழையைச் செயற்கைக்கோள் குறைவாகவே காட்டும்.

நெய்தல், உங்கள் மகள் தேர்வில் மௌசின்ராம் என்றே எழுதட்டும். கின்னஸும் அதைத்தான் சொல்கிறது. வகுப்பில் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் லோபெஸ் தே மிக்காயைப் பற்றியும் ஆசிரியரிடம் பேசட்டும்.

தாமிரபரணிக்கு இன்னொரு ஆறுதல். பன்னிரண்டு மாதத்தில் பெய்த மழைக்கான உலகச் சாதனை சிரபுஞ்சியிடம்தான் இருக்கிறது. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை 26,461 மி.மீ. அதில் 1861 ஜூலை மாதம் மட்டும் 9,300 மி.மீ. முப்பத்தொரு நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 30 செ.மீ. வரும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மழை ஒரு மாதம் முழுக்கத் தினமும் பெய்வதாக நினைத்துப் பாருங்கள்.

நெய்தல் (பதிவு 10)

படித்துக்காட்டினேன். "ஒரு மாசம் தினமுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். 1,187 செ.மீ. என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்கவில்லை.

மழைமானி (பதிவு 11)

ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அந்த ஒரு கணக்கு போதும். மொட்டைமாடியில் ஒரு சதுர மீட்டர் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். மௌசின்ராமில் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஓர் ஆண்டில் விழும் தண்ணீர், ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகள் ஏறக்குறைய பன்னிரண்டை நிரப்பும். சென்னையில் அதே கட்டத்தில் விழுவது ஒன்றரைத் தொட்டிக்கும் குறைவு.

இந்துமாகடல் (பதிவு 12)

ஆண்டுக் கணக்கையே பேசுகிறீர்கள். ஒரே நாளில், மூன்று நாளில் பெய்யும் மழை என்று பார்த்தால் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவை யாராலும் அசைக்க முடியாது.

1966 ஜனவரி 7 – 8: டெனிஸ் புயலின்போது ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. 2007 பிப்ரவரி, கமேட் புயல்: கொமர்சன் எரிமலை வாயருகே மூன்று நாளில் 3,930 மி.மீ. 1980 ஜனவரியில் ஹியாசிந்த் புயல் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தபோது பதினைந்து நாளில் 6,083 மி.மீ. நாம் சென்னையில் நான்கு வருடத்தில் பார்க்கும் மழை, பதினைந்தே நாளில்.

அங்கேயும் அதே கதைதான்: கடல் நடுவே 3,000 மீட்டர் எழும் செங்குத்தான தீவு. அதன்மேல் புயல் வந்து மெதுவாக நகர்ந்தால், வெப்பக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளி மலைமேல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தீவு எனக்கு நெருக்கம். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறிப் போன தீவு இது. அவர்கள் நிறையப் பேர் குடியேறிய செயின்ட்-ஆந்த்ரே கிழக்குக் கரையில், காற்று முகப்பில் இருக்கிறது. கரும்புக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் கிழக்கில்தான் இருந்தது. கோயிலுக்குப் போன அன்று காலையில் கிழக்கே தொப்பலாக நனைந்தேன். அதே நாள் பிற்பகல் காரில் மேற்குக் கரைக்குப் போனால் மண்ணே காய்ந்து கிடந்தது, கள்ளிச்செடி. ஒரே தீவு, நடுவில் மலை, அவ்வளவுதான்.

தாமிரபரணி (பதிவு 13)

எங்கள் பக்கம் 2023 டிசம்பர் 17-ஐ மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அங்கே மலை கிடையாது, கடற்கரைச் சமதரை. மௌசின்ராமில் 2022 ஜூன் 17 அன்று பெய்ததே 100 செ.மீ.தான் என்று செய்தியில் படித்தேன். மலை இல்லாமலே இவ்வளவு எப்படி?

பூகோள வாத்தியார் (பதிவு 14)

மலை இல்லாமலும் காற்றைத் தூக்கலாம். அன்று குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி நின்றது. கிழக்கிலிருந்து ஈரக் காற்று வந்து கரைப் பக்கமே குவிந்தது. நாலாபக்கமிருந்தும் காற்று ஓரிடத்தில் குவிந்தால் அதுவும் மேலேதான் போயாக வேண்டும். ஆனால் சுழற்சி நகர்ந்துவிடும், மலை நகராது. காயல்பட்டினத்துக்கு அது ஒரு நாள். காசி மலைக்கு அது ஒவ்வொரு ஆண்டும் நான்கு மாதம். சிரபுஞ்சியிலேயே 1995 ஜூன் 15, 16 இரண்டு நாளில் 2,493 மி.மீ. பெய்தது. 48 மணி நேர மழைக்கு உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட சாதனை அது.

தெற்குச்சிலுவை (பதிவு 15)

நியூசிலாந்திலிருந்து எழுதுகிறேன். கொலம்பியாவில் வெப்பக் கடல், ரியூனியனில் வெப்பக் கடல் என்று வந்துகொண்டிருக்கிறது. எங்கள் தென்தீவுக்கு மேற்கே இருக்கும் கடல் குளிர்ந்த கடல். ஆனாலும் குரோப் ஆற்றுப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 11,500 மி.மீ. பெய்கிறது, மௌசின்ராமுக்கு மிக அருகில். இங்கே ஈரம் சற்றுக் குறைவு, ஆனால் காற்று விடாமல், வேகமாக மேற்கிலிருந்து வந்து தென் ஆல்ப்ஸ் மலைமேல் முட்டுகிறது. மில்ஃபோர்ட் சவுண்டில் 6,000 மி.மீ.க்கு மேல். மலையைத் தாண்டி உள்நாட்டில் அலெக்சாந்திரா என்ற ஊரில் வெறும் 350 மி.மீ. இரண்டுக்கும் நேர்கோட்டில் 150 கிலோமீட்டர்கூட இல்லை.

பூகோள வாத்தியார் (பதிவு 16)

ஒப்புக்கொள்கிறேன். வெப்பக் கடல் இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. விடாத காற்றும் அதற்குக் குறுக்கே நிற்கும் மலையும்தான் கட்டாயம். மேற்கு ஆப்பிரிக்காவில் கேமரூன் எரிமலையின் அடிவாரத்தில் கடலோரமாக டெபுண்ட்ஷா என்ற ஊர் இருக்கிறது, அங்கேயும் 10,000 மி.மீ. தாண்டும். அதே விதிதான்.

சாரல் (பதிவு 17)

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இவ்வளவு நேரம் எவ்வளவு பெய்கிறது என்று பேசினோம். பெய்தது எங்கே போகிறது?

பிப்ரவரி மாதம் ஒரு முறை சோராவுக்குப் போனபோது, பெண்கள் முதுகில் கூடையும் கூடைக்குள் குடமுமாக, நெற்றியில் பட்டை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்தேன். தண்ணீர் எடுத்து வருகிறார்கள். லாரியில் வரும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குபவர்களும் உண்டு. உலகின் மிக ஈரமான ஊரில்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஜூன், ஜூலை இரண்டே மாதத்தில் கொட்டிவிடுகிறது. நவம்பருக்குப் பிறகு குளிர்காலம் முழுக்கச் சொற்பம். மண் ஆழமில்லை, இருந்த மேல்மண்ணையும் மழையே அரித்துக்கொண்டு போய்விட்டது. கீழே மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். சுண்ணாம்புப் பாறைக்குள் குகைகளும் ஓட்டைகளும், தண்ணீர் அதற்குள் இறங்கி மறைந்துவிடும். காடு வெட்டப்பட்டது, நிலக்கரியும் சுண்ணாம்பும் தோண்டப்பட்டன. மிச்ச மழை அருவியாக விழுந்து ஒரே ஓட்டமாகக் கீழே வங்கதேசத்துக்குப் போய்விடும். தாமிரபரணி சொன்ன அந்த 2022 ஜூன் மழைதான் சில்ஹெட்டில் லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக்குள் புகுந்தது.

மழையும் குறைந்து வருகிறது என்று அங்கே உள்ள பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் 1901 முதல் 2019 வரையான பதிவுகளைப் பார்த்து 2021-இல் வெளியிட்ட கட்டுரையிலும் அப்படித்தான் இருக்கிறது, 1970-களுக்குப் பிறகு இறங்குமுகம். இந்தியப் பெருங்கடல் சூடேறுவதும், வடகிழக்கில் காடுகள் குறைவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

எந்த ஊருக்கு முதலிடம் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பூகோள வாத்தியார் (பதிவு 18)

சாரல் சொன்ன குகைகளில் ஒன்று, சோராவுக்குப் பக்கத்து மௌம்லு குகை, உலகப் புகழ் பெற்றது. அங்கே சொட்டுச் சொட்டாகப் படிந்து வளர்ந்த ஒரு சுண்ணாம்புத் தூணில், சுமார் 4,200 வருடத்துக்கு முன்னால் பருவமழை பலவீனமான தடயம் இருக்கிறது. அதை வைத்துத்தான் 2018-இல் புவியியலாளர்கள் நாம் வாழும் காலப்பகுதிக்கே 'மேகாலயக் காலம்' என்று பெயர் கொடுத்தார்கள். உலகின் மிக ஈரமான மலை, ஒரு பெரும் வறட்சியையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

நெய்தல் (பதிவு 19)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மகள் ஒரு படம் வரைந்திருக்கிறாள்: கீழே கடல், நடுவில் தண்ணீர் தேங்கிய வயல், அப்புறம் சுவர் மாதிரி மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஷில்லாங், இந்தப் பக்கம் குடத்தோடு ஒரு பெண். குடத்தை வரை என்று நான் சொல்லவில்லை, அவளாகவே வரைந்தாள்.

இப்போது அவளுக்கும் மழை அளக்க வேண்டுமாம். மழைமானி அண்ணா, கடையில் வாங்க வேண்டுமா, வீட்டிலேயே செய்யலாமா?

மழைமானி (பதிவு 20)

வீட்டிலேயே செய்யலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். பக்கம் நேராக இருக்கிற இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக அதே பாட்டிலுக்குள் புனல் மாதிரிச் செருகுங்கள். அடிப்பக்கம் வளைந்திருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, வளைவு முடியும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு அதைப் பூஜ்ஜியம் என்று குறியுங்கள். அங்கிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டால் நேராக மி.மீ. படிக்கலாம்.

இடம் முக்கியம். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்கவேண்டும். காற்றில் சாயாமல் செங்கல் அணைகொடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை தினமும் காலை 8.30-க்கு அளக்கும், அவளும் அதே நேரத்தில் பார்த்து, பூஜ்ஜியக் கோடுவரை மீண்டும் சரிசெய்யட்டும். மழை இல்லாத நாளில் வெறுமனே விட்டுவிடாமல் நோட்டில் 0 என்று எழுதச் சொல்லுங்கள். முதல் மழை எவ்வளவு என்று இங்கே வந்து சொல்லட்டும், காத்திருக்கிறேன்.